சிபோ எழுந்துபோன நாற்காலி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருமுனை வீட்டுப் பெரியவருக்கு எழுபத்து நான்கு வயது. கோயில் பஜனைக் கோஷ்டியில் டோலக் வாசிக்கிறவர். பேசுகிற தமிழில் பாதிக்கு மேல் இங்கிலீஷ், நடுநடுவே இங்குள்ள கறுப்பின மக்களின் ஜுலு. அவருடைய பழைய டொயோட்டாவில் கேசட் ப்ளேயர் இன்னும் ஓடுகிறது. பீனிக்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். 'ஸ்கேட்டர்லிங்ஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா'. முதலாவது 1982ல் ஜுலுகா குழு பாடியது. இரண்டாவது 1987ல் சவூக்கா குழு பாடியது. இரண்டிலும் முன்னால் நின்று பாடுகிறவர் ஜுலுவில் பாடிய வெள்ளைக்காரர் ஜானி க்ளெக்தான். மெட்டு மாறவில்லை, சொல்லும் மாறவில்லை.

"ரெண்டாவதுல அந்த மனுசன் இல்ல தம்பி. கேக்குதா?"

எனக்கு முதலில் கேட்டது வேறு. இரண்டாவதில் டிரம்ஸ் பெரிதாக இருந்தது, கீபோர்டு அலை அலையாக வந்தது. வீட்டுக்கு வந்து நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் அவர் சொன்னது பிடிபட்டது. புதிதாக வந்து சேர்ந்ததைக் கவனித்துக்கொண்டிருந்த நான், எடுத்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஜுலுகா சவூக்காவாக மாறியதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. வெளிநாட்டுச் சந்தை வந்தது, காசு வந்தது, நாட்டுப்புற வாசனை போய் ராக் சத்தம் ஏறிவிட்டது என்பார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். இரட்டை நாயனத்தில் ஒரு நாயனம் நின்றுபோனால் தவிலை எவ்வளவு உரக்க அடித்தாலும் அந்த இடம் நிரம்பாது. இந்தக் குழுவின் ஓசை மாறிய கதையை யார் எப்போது வந்தார், யார் எழுந்து போனார் என்பதிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

க்ளெக் 1953ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அம்மா பாடகி. சிறுவயதிலேயே ரொடீஷியா, ஜாம்பியா, ஜோஹனஸ்பர்க் என்று சுற்றியாயிற்று. பதினாலு வயதுப் பையனாக இருக்கும்போது சார்லி ம்ஸிலா என்ற ஜுலுக்காரரைச் சந்திக்கிறார். பகலில் அடுக்குமாடிக் குடியிருப்பைத் துப்புரவு செய்யும் வேலை, வேலை முடிந்தால் தெருவில் கிட்டார். அவரிடம் பாடம் கேட்ட வெள்ளைப் பையன், அவர் பின்னாலேயே கறுப்பினத் தொழிலாளர்களின் ஹாஸ்டல்களுக்கும் போகத் தொடங்கினான். அனுமதியில்லாத இடத்தில் இருந்தான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டும் போனது.

ஜுலு கிட்டார் வாசிக்கிற வெள்ளைப் பையன் ஒருத்தன் இருக்கிறானாம் என்ற பேச்சு, தோட்ட வேலைக்கு ஜோஹனஸ்பர்க் வந்திருந்த சிபோ ம்ச்சுனு காதில் விழுந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் க்ரான்ஸ்காப் பக்கத்துக் கிராமத்துக்காரர். போட்டிக்கு இழுக்கத்தான் தேடிப் போனார். அது 1969. போட்டிக்குப் போனவர் கூட்டாளியானார். நம்மூர்ப் பாட்டுக்காரர்கள் கதைகளிலும் இப்படிச் சவால் விடப் போய்ச் சிநேகிதமானவர்கள் உண்டு.

அவர்கள் வாசித்தது மஸ்காண்டி. இசைக்காரன் என்பதற்கான ஆஃப்ரிகான்ஸ் சொல் ஜுலு வாயில் உருமாறி வந்த பெயர் இது. இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் காணாமல் போகப்போவது இதுதான்.

கிட்டாரில் முதல் தந்தியைச் சற்றே இறக்கி வைத்துக்கொள்வார்கள். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் தாளக்கட்டை நடத்தும், ஆள்காட்டி விரல் மேலே மெட்டை மீட்டும். இரண்டு விரல்களும் இரண்டு ஆட்கள் மாதிரி ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டே போகும். மேற்கத்திய கிட்டாரில் பழகியவர் ஐந்து விரலையும் பரப்பி ஒரு சுரக்கூட்டைச் சரேலென இழுத்துவிடுவார். மஸ்காண்டிக்காரர் அப்படி இழுப்பது அரிது. அதனால் ஒரே கிட்டாரில் கேள்வியும் பதிலும் கேட்கும்.

பாட்டைத் தொடங்குமுன் கையை ஓடவிட்டு ஒரு சிறு மீட்டல். இஸிஹ்லாபோ என்பார்கள். சுருதி சேர்ந்திருக்கிறதா, வாசிக்கிறவன் யார் என்பதெல்லாம் அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும். நம் ஆலாபனைக்குக் குட்டித் தம்பி. பாட்டின் நடுவில் மெட்டை விட்டுவிட்டு மூச்சு விடாமல் சொற்களை அள்ளிக் கொட்டுவார்கள். ஊர், ஆறு, குலம், தலைவன், தன் பெயர் எல்லாம் அதில் வரும். அது இஸிபோங்கோ. அரண்மனைகளில் கட்டியம் கூறியது எப்படி இருந்திருக்கும் என்று யாராவது கேட்டால், நான் ஒரு நல்ல மஸ்காண்டி இசைத்தட்டைப் போட்டுக் காட்டுவேன்.

இதோடு கான்செர்ட்டினா என்கிற கையடக்கத் துருத்திப் பெட்டி. ஐரோப்பாவிலிருந்து வந்த மலிவுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் நாக்குகளை இடம் மாற்றிப் பொருத்தித் தங்கள் சுரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். நாம் வயலினைத் தோளிலிருந்து இறக்கி, தரையில் உட்கார்ந்து, தந்தியையும் மாற்றிச் சேர்த்துக்கொண்ட மாதிரிதான். க்ளெக் இதையும் வாசிப்பார்.

இந்த இருவர் கூட்டுக்கு ஜுலுகா என்று பெயர் வைத்தார்கள். ஜுலு மொழியில் வியர்வை என்று பொருள். சிபோ வீட்டுக் காளை ஒன்றின் பெயரும் அது.

முதல் தட்டு 1976ல் வந்தது, ஒரு சிங்கிள். வானொலி சீந்தவில்லை. இதில் நம் ஆட்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. அரசு வானொலி மொழிக்கு ஒரு நிலையம் என்று பிரித்து வைத்திருந்தது. ஜுலு நிலையத்தில் கலப்பில்லாத ஜுலு, இங்கிலீஷ் நிலையத்தில் இங்கிலீஷ். ஒரே பாட்டில் பத்திக்குப் பத்தி மொழி மாறினால் அந்தப் பாட்டுக்கு வீடே கிடையாது. 1983ல் இந்தியர்களுக்கென்று டர்பனில் ரேடியோ லோட்டஸ் தொடங்கியது. நம் வீடுகளில் பழைய தமிழ்ப் படப் பாட்டும் இந்திப் பாட்டும் நாள் முழுக்க ஓடின. நமக்கு அது வரம்தான். ஆனால் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான உம்லாஸியில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் நம்மை உட்கார வைத்த ஏற்பாடும் அதுதான்.

மேடையும் அப்படித்தான். நிறவெறி அரசின் 1950ம் வருடக் குடியிருப்புப் பகுதிச் சட்டம் யார் எங்கே வசிக்கலாம் என்று கோடு கிழித்தது. அந்தக் கோட்டில் எழும்பியதுதான் சாட்ஸ்வொர்த்தே. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று, ஒரே கூட்டம் உட்கார்ந்து கேட்பதற்குச் சட்டப்படி இடம் அரிது. பல்கலைக்கழக அரங்கு, தேவாலயக் கூடம், ஹாஸ்டல் முற்றம், யாராவது ஒருவர் வீடு என்று வாசித்தார்கள். போலீஸ் வந்து கச்சேரியைக் கலைத்ததும் உண்டு. இரண்டு கிட்டார், கால் தாளம், ஒரு துருத்திப் பெட்டி இருந்தால் பின்கதவு வழியே கிளம்பிவிடலாம். ஜுலுகாவின் ஆரம்ப ஓசை அடக்கமாக, மரத்தின் வாசனையோடு இருப்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது?

1979ல் 'யுனிவர்சல் மென்' என்ற முதல் ஆல்பம். தயாரிப்பாளர் ஹில்டன் ரோசென்தால். இருவராக இருந்தவர்களைச் சுற்றி ஸ்டூடியோவில் ஜாஸ் கைகள் வந்து சேர்ந்தன. பேஸ் கிட்டாருக்கு சிபோ குமேடே. நம் பக்கத்துக் கேட்டோ மேனரில் பிறந்தவர், பின்னாளில் சகிலே குழுவில் பெயர் வாங்கியவர். ஊதுகருவிக்குக் கேப் டவுனின் ராபி ஜான்சன். ஊரில் மாட்டையும் மனைவியையும் விட்டுவிட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்து, வருடத்துக்கொரு முறை திரும்புகிற ஆண்களின் வாழ்க்கைதான் அந்த ஆல்பத்தின் அடிநாதம். வளைகுடா லேபர் கேம்ப்பில் அண்ணனோ தம்பியோ இருக்கிற தமிழ் வீட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு குழுக்களின் தட்டுகளிலும் எனக்கு இதுதான் உசத்தி. யாரும் யாரையும் முந்தவில்லை. ஜாஸ்காரர்கள் அந்த இரண்டு கிட்டாருக்கும் இடம்விட்டு வாசிக்கிறார்கள்.

ஸ்டூடியோ விருந்தாளிகளை ஊர் ஊராக அழைத்துப் போக முடியாது. பேஸுக்கு கேரி வான் ஸைல், டிரம்ஸுக்கு ஸோலா ம்டியா என்று நிலையான குழு அமைந்தது. ஊதுகருவியும் கீபோர்டும் கை மாறிக்கொண்டிருந்தன. 1981ல் 'ஆஃப்ரிக்கன் லிட்டனி', 1982ல் முழுக்க ஜுலுவிலேயே 'உபுஹ்லே பெம்வேலோ', அதே வருடம் 'ஸ்கேட்டர்லிங்ஸ்', 1983ல் 'ஒர்க் ஃபார் ஆல்'. வருடத்துக்கு ஒன்றுக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. பாட்டின் கட்டுமானமும் இதற்குள் உறுதியாகிவிட்டது. க்ளெக் இங்கிலீஷில் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவார். பல்லவி வரும் இடத்தில் ஜுலுக் குரல்கள் மேலிருந்து கீழே சரிந்து வந்து அதை ஏந்திக்கொள்ளும். உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்குவது ஜுலுப் பாட்டின் இயல்பு. மேற்கத்திய பாப் பாட்டு கீழிருந்து ஏறி உச்சத்தில் போய் நிற்கப் பார்க்கும். இந்த ஏற்றமும் அந்த இறக்கமும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடம்தான் ஜுலுகா.

'ஆஃப்ரிக்கன் லிட்டனி'யில் 'இம்பி' என்று ஒரு பாட்டு. இம்பி என்றால் போர்ப்படை. 1879 ஜனவரி 22ல் இசண்ட்ல்வானாவில் ஜுலுப் படை பிரிட்டிஷாரை முறியடித்ததைப் பாடுகிறது. இன்று ரக்பி மைதானங்களில் வெள்ளைக்காரக் கூட்டம் தொண்டை கிழியப் பாடுகிறது. தோற்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஜெயித்தவனின் பாட்டைப் பாடுவது இந்த நாட்டில் மட்டும்தான் நடக்கும்.

பெரியவர் வீட்டில் அந்தப் பாட்டு அப்படி நுழையவில்லை. கேசட்டை வாங்கி வந்து போட்டதும் அவர் அம்மா அணைக்கச் சொன்னாராம். 1949 ஜனவரிக் கலவரம் நடந்தபோது அந்த அம்மா கேட்டோ மேனரில் இருந்தவர். ஆஃப்ரிக்கர்களும் இந்தியர்களும் மோதிக்கொண்ட அந்த இரண்டு மூன்று நாளில் 142 பேர் செத்தார்கள் என்பது அரசுக் கணக்கு. செத்தவர்களில் இந்தியர்களைவிட ஆஃப்ரிக்கர்கள் அதிகம் என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் 'இம்பி' என்ற சொல்லைக் கேட்டதும் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. "பாட்டு நல்லாதான் இருந்துச்சு. அம்மா தூங்குனப்புறம் போட்டுக் கேப்பேன்" என்கிறார். ஜுலுகாவை வெள்ளை-கறுப்பு ஒற்றுமைச் சின்னமாக மட்டும் எழுதுகிறவர்கள் டர்பனின் இந்த மூன்றாவது காதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1985ல் சிபோ போதும் என்றார். ஊருக்குப் போனார், குடும்பத்தோடும் மாடுகளோடும் இருக்க. வெளிநாட்டுப் பயணங்கள், விமானம், ஓட்டல் எல்லாம் பார்த்தாயிற்று. தொழிலாளி ஊர் திரும்புகிற கதையைத்தான் அவர்கள் அத்தனை வருடம் பாடினார்கள். சிபோ திரும்பியே போய்விட்டார். பிறகு தனியாக மஸ்காண்டித் தட்டுகள் போட்டார்.

அடுத்த வருடம் க்ளெக் சவூக்காவைத் தொடங்கினார். எழுந்துவிட்டோம் என்று பொருள். டிரம்ஸில் டெரிக் டி பியர், கீபோர்டில் ஸ்டீவ் மவுசோ, பேஸில் சாலி லெட்வாபா, சாக்ஸஃபோனும் கீபோர்டும் கீத் ஹட்சின்சன், தாளமும் நடனமும் டுடு ஜுலு.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். சிபோ இரண்டு வேலை செய்தார். ஒன்று க்ளெக்கோடு சேர்ந்து ஆடுவது. காலைத் தலைக்கு மேல் தூக்கித் தரை அதிர மிதிக்கும் அந்த ஆட்டம்தான் கூட்டத்தை இழுத்தது. அந்த இடத்துக்கு டுடு வந்தார், பிரமாதமாக வந்தார். இரண்டாவது வேலை அந்தக் கட்டைவிரல்-ஆள்காட்டிவிரல் கிட்டார். அதற்கு யாரும் வரவில்லை. அந்த இடத்தில் கீபோர்டு பரவியது, டிரம்ஸ் பருத்தது. கண்ணுக்குத் தெரிந்த நாற்காலியில் ஆளை உட்கார வைத்தார்கள், காதுக்கு மட்டும் தெரிந்த நாற்காலி காலியாகவே இருந்தது. பெரியவர் காரில் கண்டுபிடித்தது இதைத்தான்.

க்ளெக் தானே மஸ்காண்டி வாசிப்பாரே என்று கேட்கலாம். வாசிப்பார், சவூக்காவிலும் வாசித்தார். ஆனால் கேள்வி கேட்கும் கிட்டாரும் பதில் சொல்லும் கிட்டாரும் ஒருவரே என்றால் சண்டை எங்கிருந்து வரும்? அதோடு, மஸ்காண்டியில் கட்டியம் சொல்கிறவன் தன் ஊரையும் தன் குலத்தையும் சொல்ல வேண்டும். க்ளெக் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பாடம் நடத்தியவர். ஜுலு நடனம் பற்றி ஆராய்ந்தவர். அவருக்கே அது நன்றாகத் தெரிந்திருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் சவூக்காவின் பாட்டுகள் கிராமத்தை விட்டு நாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நாடு என்ன நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலை அமலில் இருந்தது. 1985 ஆகஸ்டில் உம்லாஸியில் விக்டோரியா ம்ஸெங்கே என்ற வழக்கறிஞர் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். சாட்ஸ்வொர்த்துக்கு அடுத்த மேடுதான் உம்லாஸி. தொடர்ந்த கலவரம் டர்பன் ஓரத்து இனாண்டாவில் இந்தியர்கள் வீடுகளையும் கடைகளையும், காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பையும் எரித்தது. 1987ல் சவூக்காவின் முதல் ஆல்பமான 'தர்ட் வேர்ல்ட் சைல்ட்' வந்தபோது அதில் 'அசிம்போனங்கா' இருந்தது. நாங்கள் அவரைப் பார்த்ததில்லை என்று பொருள். படத்தைப் பத்திரிகையில் போடக்கூடத் தடையிருந்த மண்டேலாவைப் பற்றியது. நடுவில், நிறவெறி ஆட்சியை எதிர்த்து உயிர்விட்ட மூவரின் பெயர்களை உச்சரிக்கிறது: ஸ்டீவ் பிக்கோ, விக்டோரியா ம்ஸெங்கே, நீல் ஆகெட். பாட்டு மெதுவாக, தேவாலயக் கூட்டுப் பாடல் நடையில் போகிறது. இங்கே கீபோர்டின் அகலம் தேவைப்பட்டது. இரண்டு கிட்டாரால் இதைத் தாங்கியிருக்க முடியாது. சவூக்கா இழந்ததையே சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பாட்டுக்கு முன்னால் நானும் வாயை மூடவேண்டியிருக்கும்.

ஃப்ரான்ஸில் அந்த ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 'வெள்ளை ஜுலு' என்று அங்கே பட்டம் கட்டினார்கள். அரங்கம் விளையாட்டு மைதான அளவுக்கு வளர்ந்தபோது ஓசையும் வளர்ந்தாக வேண்டும். கடைசி வரிசைக்குக் கட்டைவிரல் மீட்டல் போய்ச் சேராது, டிரம்ஸ் போய்ச் சேரும். அங்கே கொண்டாட்டம் நடக்க, பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் 1988ல் அவரைத் தள்ளி வைத்தது. தென்னாப்பிரிக்காவுக்குள் பாடுகிறார், அது நிறவெறி அரசுக்கு எதிரான கலைப் புறக்கணிப்பை மீறுவது என்பது குற்றச்சாட்டு. உள்ளூர் அரசுக்கு வேண்டாதவர், அந்த அரசை எதிர்த்தவர்களுக்கும் வேண்டாதவர். 'ஷேடோ மேன்' 1988லும், 'க்ரூயல், க்ரேஸி, ப்யூட்டிஃபுல் வேர்ல்ட்' 1989லும் வந்தன. முதல் ஆல்பத்தின் பாதையில் போனவை. அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

டுடுவின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் முதலில் சொல்வது சத்தத்தைத்தான். ஜுலு நடனக்காரர்கள் போடுவது பழைய கார் டயரை வெட்டித் தைத்த செருப்பு. நம்மூர் டயர் செருப்பேதான், இங்கே இம்படாடா. டர்பன் டால்டன் சாலைச் சந்தையில் இன்றைக்கும் தைத்து விற்கிறார்கள். அந்த ரப்பர் பலகை மேடையில் அறைந்தால் அது இன்னொரு முரசு. டுடுவின் காலும் டி பியரின் டிரம்ஸும் ஒன்றாக விழும் இடங்கள் சவூக்காவின் நேரடிப் பதிவுகளில் கிடைக்கும். ஸ்டூடியோத் தட்டில் அது தெரியாது.

1992ல் டுடு தன் ஊர்ப்பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நேட்டாலில் அரசியல் மோதல்களில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த காலம். 1993ல் வந்த 'ஹீட், டஸ்ட் அண்ட் ட்ரீம்ஸ்' ஆல்பத்தின் முக்கியமான பாட்டு, அக்கரைக்குப் போகிறவனுக்காக, டுடுவுக்காகப் பாடியது. அந்த ஆல்பத்துக்கு கிராமி பரிந்துரை கிடைத்தது. அதோடு சவூக்கா முடிந்தது. கிட்டார் நாற்காலி காலியாக இருந்தபோது ஆறு வருடம் ஓட முடிந்த குழு, ஆட்ட நாற்காலியும் காலியானதும் நின்றது. க்ளெக்குக்கு எதிரில் எப்போதும் ஒரு ஜுலுக்காரர் தேவைப்பட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ம்ஸிலா, பிறகு சிபோ, பிறகு டுடு.

1997ல் சிபோ மறுபடி வந்தார். ஜுலுகா என்ற குழுப் பெயரிலேயே ஓர் ஆல்பம். பெரியவரிடம் அது கேசட்டில் இல்லை, சிடியாக இருக்கிறது. காரில் போட வழியில்லாததால் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். மூன்றாவது பாட்டு வரும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை, முட்டியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டி, "அங்க இருக்காரு" என்றார்.

க்ளெக் 2019 ஜூலை 16ல் காலமானார். அந்தச் சிடி உறையை அன்றைக்கு எடுத்துப் பார்த்தபோதுதான் தலைப்பைக் கவனித்தேன். 'யா வூக்கா இன்குன்ஸி'. காளை எழுந்துவிட்டது. வூக்கா, சவூக்காவில் இருக்கிற அதே சொல். காளை, சிபோ வீட்டு ஜுலுகா.